ஆரஞ்சுப் பெட்டி

ஒரே வாரத்தில் தெருவின் பதினான்கு கிணறுகளும் கெட்டுப்போயின.

அதற்கு முந்தின வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு கிணறுகூடக் கெடவில்லை. அங்கே எல்லா வீட்டுக்கும் பச்சை. திங்கட்கிழமை காலையில் தார்ப்பாய்க்காரரின் மகள் தன் சொந்தத் தெருவுக்குள் பையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாள். அன்றைக்குப் பிடித்தது சிவப்பு. முதல் வீட்டுக்கு எழுபத்தொன்று. எதிர்வீட்டுக்கு அறுபத்தெட்டு. மதியம் பார்த்த வீட்டுக்குத் தொண்ணூற்று மூன்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் தெருவே சிவந்துவிட்டது.

வேலை என்னவோ எளிதானதுதான். சுகாதார அலுவலகத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலை. ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு போன், ஒரு டப்பா நிறையக் கண்ணாடிக் குப்பிகள், பொட்டலம் பொட்டலமாக வெள்ளைப் பொடி, மடித்து நிமிர்த்துகிற ஓர் அட்டைப் பெட்டி. கிணற்றுத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துப் பொடியைப் போட்டுக் குலுக்கிப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். உரமோ கழிவோ மண்ணுக்குள் இறங்கித் தண்ணீரில் நைட்ரேட் கலந்திருந்தால் தண்ணீர் ரோஜா நிறத்துக்கு மாறும். எவ்வளவு ரோஜா என்பதைக் கண் சொல்லாது, போன் சொல்லும். குப்பியைப் பெட்டிக்குள் நிறுத்தி, மேலே உள்ள ஓட்டையில் போனை வைத்தால் அது தானே விளக்கைப் போட்டுப் படம் பிடித்து ஓர் எண்ணைக் காட்டும். ஐம்பதுக்குக் கீழே பச்சை, குடிக்கலாம். மேலே போனால் சிவப்பு. பால்குடிக் குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் கூடவே கூடாது.

தெருவில் அவளுக்குத் தண்ணி டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு சிவப்புக்காரி என்று மாற்றிவிட்டார்கள்.

ஆனால் கதை திங்கட்கிழமையில் தொடங்கவில்லை, சனிக்கிழமை மழையில் தொடங்கியது. வேலை முடிந்து திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. போனையும் பொடியையும் மாரோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தவள் அட்டைப் பெட்டியைக் கோட்டைவிட்டாள். வீட்டு வாசலில் அவள் அதை எடுத்துக் காட்டியபோது அது டீயில் ஊறின ரொட்டியைப் போலத் தொங்கியது.

"போச்சு! புதுசு கேட்டா பத்து நாள் ஆகும்பாங்க. பத்து நாளும் நான் என்ன பண்றது? தண்ணியை மோந்து பார்த்தே சொல்லவா?"

தார்ப்பாய்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததை யாரும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் அப்படித்தான். தையல் மிஷின் ஓடும்போது பேச முடியாது, ஓடாதபோது பேசத் தோன்றாது. நனைந்த பெட்டியை வாங்கி, பிரித்து, விரல் கணக்கில் அளந்தார். ஓட்டைகள் எங்கெங்கே என்று சாக்கட்டியால் தரையில் குறித்துக்கொண்டார். மறுநாள் ஞாயிறு. கடையைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

மிஷினுக்கு அடியில் மூன்று வருஷமாக ஒரு துண்டுத் தார்ப்பாய் சுருட்டி வைத்திருந்தார். எப்போதோ ஒரு பெரிய பந்தல் வேலையில் மிஞ்சியது. நல்ல ஆரஞ்சு நிறம், தொட்டால் வழவழவென்று வெண்ணெய் மாதிரி இருக்கும், மழை பட்டால் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. லாரிக்காரர்கள் கேட்டார்கள், தரவில்லை. எதற்காக வைத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியாமல் இருந்தது. அன்றைக்குத் தெரிந்தது. கம்பியை வளைத்துக் கூடு கட்டினார். அதன்மேல் தார்ப்பாயை இழுத்து இரட்டைத் தையல் போட்டார். மூலைகளில் பித்தளை வளையங்களை அடித்தார். ஒரு ஜிப், ஒரு கைப்பிடி, பொடிப் பொட்டலத்துக்குப் பக்கவாட்டில் ஒரு பாக்கெட். இருட்டுவதற்குள் முடித்து மகளின் மடியில் வைத்தார்.

"அப்பா! இது பெட்டியா, கல்யாண மண்டபமா?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியைத் தேடுவதுபோலக் குனிந்தார்.

"எனக்கு ஒரு பை தைச்சுக் குடுங்கன்னு கேட்டு ஆறு வருஷமாச்சு" என்றாள் அவர் மனைவி. "நானும் மழையில நனைஞ்சுட்டு வந்து நின்னிருக்கணும் போல."

திங்கட்கிழமை முதல் வீடு ஐஸ்காரம்மாவுடையது. சுவருக்கு அந்தப் பக்கம். குச்சி ஐஸ் செய்து ஊரில் உள்ள கடைகளுக்கெல்லாம் போடுகிறவள். அவளுடைய கிணற்றுத் தண்ணீர்தான் அவளுடைய தொழில். காலை வெயிலில் கிணற்றடித் திண்டின்மேல் ஆரஞ்சுப் பெட்டியை வைத்து மகள் எண்ணைப் படித்ததும், ஐஸ்காரம்மா அவளை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எழுபத்தொண்ணா? என் தண்ணிக்கா? அடியேய், நீ பிறந்தப்ப உன்னைக் குளிப்பாட்டினது இந்தக் கிணத்துத் தண்ணியிலதான். உனக்கு என்ன, ஒரு கொம்பு கூடவா முளைச்சிருக்கு?"

"நான் சொல்லல அத்தை, போன் சொல்லுது."

"போன் சொல்லுதா? அப்ப அந்தப் போனையே வந்து என் ஐஸை வாங்கச் சொல்லு!"

அன்று மதியமே அவள் ஐஸ் மிஷினை நிறுத்திவிட்டாள். கோபம் இருந்தாலும் குழந்தைகள் சாப்பிடுகிற பொருளில் அவள் விளையாட மாட்டாள். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வருவதும் நின்றது. இருபது வருஷமாகக் காலையில் காபி ஆறும்வரை சுவரின்மேல் கைபோட்டு நின்று பேசிய அவளும் தார்ப்பாய்க்காரரின் மனைவியும் துணி காயப்போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மகள் விடவில்லை. ஒவ்வொரு கிணற்றையும் இரண்டாவது முறை பார்த்தாள். எண் மாறியது, ஆனால் இறங்கவில்லை. அவள் வீட்டுக் கிணற்றுக்கும் சிவப்புதான். செவ்வாய் இரவு மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டார். மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். குரல் வெளியே கேட்டது.

"பதினாலுமா சிவப்பு? நான் இத்தனை வருஷத்துல பார்த்ததில்லையே. வெள்ளிக்கிழமை நானே வர்றேன்மா. ஒண்ணு உங்க தெருவுல பெரிய கோளாறு இருக்கணும், இல்ல உங்க கையில இருக்கணும்."

அவள் சாப்பிடாமல் படுத்தாள். தட்டில் கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு தார்ப்பாய்க்காரர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் பிறந்த தெருவில் ஒரு பெண்ணின் சொல் பொய்யாகிவிட்டால் அவள் எங்கே போய் வேறு சொல்லைத் தேடுவாள்? இதை அவர் நினைத்தார். சொல்லவில்லை.

புதன்கிழமை பேக்கரிக்காரர் தன் கடை முகப்பின் கிழிந்த பச்சைப் படுதாவைக் கொண்டுவந்து போட்டார். கிழிசலுக்கு ஒட்டுப்போட வேண்டும். நூல் நிறம் பார்க்க வேண்டும். நிழலில் பார்த்து நூல் எடுக்கிறவன் தையல்காரனே இல்லை என்பது அவர் கொள்கை. கடைக்குள் நாலா பக்கமும் தார்ப்பாய் தொங்கும், எந்த நிறமும் அதனதன் நிறமாக இருக்காது. எனவே எப்போதும் போல நூல்கண்டுகளையும் படுதாவின் ஓரத்தையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கி வெயிலில் நின்றார். மூன்று பச்சைகளில் நடுப் பச்சை பொருந்தியது. திரும்பி உள்ளே வந்தார். வாசலில் ஒரு லாரிக்காரருக்காகக் காயப்போட்டிருந்த ஆரஞ்சுப் படுதாவின் கீழே வந்ததும் கையைப் பார்த்தார். பச்சை நூல்கண்டு மண் நிறமாக இருந்தது. விரலில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூள் பழுத்த பழத்தின் தோல் மாதிரி இருந்தது.

வெளியே போனார். சாக்கட்டித் தூள் வெள்ளை. உள்ளே வந்தார். ஆரஞ்சு.

மறுபடி வெளியே போனார்.

"என்ன, நடை பழகுறீங்களா?" என்றாள் மனைவி, டீ கிளாஸோடு வந்து.

அவர் கிளாஸை வாங்கிக்கொண்டு மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். டீ ஆறியது. முப்பது வருஷமாக ஒரு நூல் எடுப்பதற்கும் தெருவில் இறங்கி நின்ற மனுஷன், ரோஜா நிறத்தை அளக்கிற பெட்டியை ஆரஞ்சுத் துணியில் தைத்திருக்கிறார். அதுவும் வெளிச்சம் ஊடுருவுகிற துணியில். அதுவும் இரட்டைத் தையல் போட்டு. வெயில் ஏற ஏற எண் ஏன் ஏறியது என்பதும் விளங்கிவிட்டது. தெருவில் பதினான்கு வீட்டின் வாயையும் மூடியது தண்ணீர் அல்ல, அவருடைய கைவேலை. சொன்னால் மகள் தலைநிமிர்ந்து சொன்னதெல்லாம் தப்பென்று ஆகும். சொல்லாவிட்டால் அது எப்போதும் தப்பாகவே இருக்கும். இரண்டாவது கிளாஸ் டீயும் ஆறியது.

மனைவி இடுப்பில் கைவைத்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இத்தனை வருஷமா உங்களோட குடும்பம் நடத்துறேன். உங்க மௌனத்துல எத்தனை வகைன்னு எனக்குத் தெரியும். இது பசி மௌனம் இல்ல. கோவ மௌனம் இல்ல. எங்க அண்ணன் வந்தா வருமே, அந்த மௌனமும் இல்ல. இது எதையோ உடைச்சுட்டு ஒளிச்சு வச்ச மௌனம். என்னத்த உடைச்சீங்க?"

"பெட்டி" என்றார்.

"எந்தப் பெட்டி?"

அவர் எழுந்து, அவள் கையைப் பிடித்து ஆரஞ்சுப் படுதாவுக்குக் கீழே கூட்டிப்போய் நிறுத்தினார். அவளுடைய சேலையின் வெள்ளை முந்தானையைத் தூக்கி அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினார். பிறகு வெயிலுக்கு இழுத்துப்போய் அதே முந்தானையைக் காட்டினார். எதிரே சைக்கிள் கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவிக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அட கடவுளே. அந்தக் கல்யாண மண்டபம்!"

மகள் மூன்று மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா அப்பாவை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"பொடி போடாம வச்சுப் பாரு" என்றார்.

"என்னதுப்பா?"

"வெறும் தண்ணி. பொடி வேண்டாம்."

"பொடி போடாட்டி நிறமே வராதே, அதுல என்ன பார்க்..." என்று தொடங்கியவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். முற்றத்தில் வெயில் இன்னும் இருந்தது. குப்பியில் வெறும் தண்ணீரை ஊற்றி, பெட்டியில் நிறுத்தி, ஜிப்பை இழுத்து, போனை வைத்தாள்.

ஐம்பத்தைந்து. சிவப்பு.

அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காலிக் குப்பியை வைத்தாள். ஐம்பத்தெட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய் ஜன்னலைச் சாத்தினாள். மூன்று. மறுபடி வெயிலுக்கு வந்தாள். அறுபது. அம்மாவும் அப்பாவும் அவள் பின்னால் உள்ளேயும் வெளியேயும் நடந்தார்கள். அவள் கடைசியில் முற்றத்தின் நடுவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் மௌனம் அவருடைய மௌனத்தைப் போலவே இருந்தது. அவருக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"நான்தான்" என்றார். "என் துணி."

மகளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவர் ஓரடி முன்னால் வைத்தார். அவள் நிமிர்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வந்து, தரையைத் தட்டினாள்.

"காலிக் குப்பியையே குடிக்கக் கூடாதுங்குதுப்பா!"

"ஏண்டி, உன் வேலை போகப் போகுது, நீ சிரிக்கிறியே" என்றாள் அம்மா. அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"அம்மா, தப்பு அப்பா மேல மட்டும் இல்ல. பெட்டியை மாத்தினா முதல்ல வெறும் தண்ணியை வச்சுப் போனுக்குக் காட்டணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. திங்கக்கிழமை காலையில எனக்கு அது ஞாபகமே வரல. பெட்டி அவ்வளவு அழகா இருந்துச்சு. தெருவுல எல்லாரும் பார்க்கணும்னு கிளம்பிட்டேன்."

அவள் அப்போதே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். "என்ன நிறம்னு சொன்னீங்க?" என்று கேட்டது குரல். "ஆரஞ்சு சார்." எதிர்முனையில் சத்தமில்லை. "வெள்ளிக்கிழமை பதினாலையும் என் கண்ணு முன்னால பாருங்க. நானும் ஒரு பெட்டி கொண்டு வர்றேன். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா பேசலாம்."

வியாழக்கிழமை மிஷின் விடியும் முன்பே ஓடத் தொடங்கியது. இந்த முறை அலங்காரம் கிடையாது. லாரிக்குப் போடுகிற கனத்த கறுப்புத் தார்ப்பாய், இரண்டு அடுக்கு, நடுவில் தகரம். தையல் ஓட்டை வழியாகக்கூட வெளிச்சம் வரக் கூடாதென்று தையல்மேல் மெழுகு தேய்த்தார். முடித்ததும் மனைவியிடம் நீட்டினார். அவள் ஓட்டையில் கண்ணை வைத்து வெயிலில் நின்று இப்படியும் அப்படியும் திரும்பினாள்.

"ஒண்ணுமே தெரியலீங்க."

"சரி."

"குருடாயிட்டேனோன்னு பயமா இருக்கு."

"நல்லது."

"நல்லதா! கேட்டியாடி உங்கப்பா சொல்றதை?"

மகள் வெறும் தண்ணீரை வைத்துப் போனுக்குக் காட்டினாள். பூஜ்யம். வெயிலில் பூஜ்யம், நிழலில் பூஜ்யம், கிணற்றடியில் பூஜ்யம். ஆனாலும் அன்று அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. மேற்பார்வையாளர் முன்னால்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

மேற்பார்வையாளர் ஒல்லியாக, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்தவராக, ஸ்கூட்டரில் ஓர் அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஆரஞ்சுப் பெட்டியின் கதை அதற்குள் பரவியிருந்தது, தெரு முழுக்க வாசலில் நின்றது. முதலில் ஐஸ்காரம்மா வீடு. ஐஸ்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு, பொய் சொன்னவர்களை மன்னிக்கிற எண்ணமே இல்லாதவள் மாதிரி கிணற்றில் சாய்ந்து நின்றாள். பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். கறுப்புப் பெட்டியில் மகள் பார்த்தாள்.

"பதினேழு."

அட்டைப் பெட்டியில் மேற்பார்வையாளர் பார்த்தார். "பதினெட்டு."

"ரெண்டுல எது?" என்று மிரட்டினாள் ஐஸ்காரம்மா.

"ரெண்டுமே பச்சைம்மா. ஒண்ணு இப்படி அப்படி இருக்கும்."

"பதினேழுன்னே எழுதுங்க! நம்ம பொண்ணு சொன்னதையே எழுதுங்க!"

நம்ம பொண்ணு. தார்ப்பாய்க்காரர் அதைக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வீட்டுக்கு இருபத்திரண்டு. அதற்கடுத்தது ஒன்பது, அந்த வீட்டுக்காரர் ஏதோ பரீட்சையில் மகன் முதல் மார்க் வாங்கினதுபோல மீசையைத் தடவிக்கொண்டார். முப்பத்தொன்று வந்த வீட்டுக்கு, "பரவாயில்ல, பாஸ்தான்" என்று ஆறுதல் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. யாரோ மேற்பார்வையாளருக்குக் குடை பிடித்தார்கள். பதின்மூன்று வீடு பச்சையாகி, கூட்டம் கைதட்டிக்கொண்டே தார்ப்பாய்க்காரர் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தது.

மகள் தண்ணீர் இறைத்தாள், பொடி போட்டாள், குலுக்கினாள். குப்பி ரோஜாவாகிக்கொண்டே வந்தது. பெட்டிக்குள் வைத்தாள்.

"அறுபத்தொண்ணு."

கைதட்டல் பாதியில் நின்றது. மேற்பார்வையாளர் தன் பெட்டியில் பார்த்தார். "அறுபது."

"இன்னொரு தடவை பாரும்மா" என்றது ஒரு குரல். அவள் புதுக் குப்பியில் மறுபடி பார்த்தாள். அறுபத்தொன்று.

மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார். "இது உங்க வீடுதானே? வேணும்னா இன்னொரு நாள் ஆய்வகத்துக்கு அனுப்பிட்டு அப்புறமா..."

"ஆய்வகத்துக்கும் அனுப்பலாம் சார். இன்னைக்கு வந்தது அறுபத்தொண்ணு" என்று சொல்லிவிட்டு அவள் தெருவின் எண்களுக்குக் கீழே அதையும் எழுதினாள். சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டாள். பையிலிருந்து சிவப்பு நாடாவை உருவித் தன் வீட்டு ராட்டினத்தில் தானே கட்டினாள்.

மேற்பார்வையாளர் கிணற்றைச் சுற்றி வந்து, குளியலறைக்குப் பின்னால் இருந்த கழிவுக் குழிவரைக்கும் அடி எடுத்து எண்ணினார். "ஒன்பது அடி தூரம்தான். அதுதான் இறங்குது. குழியைத் தள்ளிப் போட்டுட்டு ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம். யார் இங்க தோண்டச் சொன்னது?"

எல்லோரும் தார்ப்பாய்க்காரரைப் பார்த்தார்கள். ஒரு தெரு முழுக்கத் தன் வாயைப் பார்த்து நிற்பது அவருக்கு அதுதான் முதல் முறை. ஓடிவிடலாம் என்று இருந்தது. மகள் ராட்டினத்தின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தார்.

"அதுவும் என் கைவேலைதான்" என்றார்.

முதலில் சிரித்தது மேற்பார்வையாளர். அப்புறம் முற்றமே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஐஸ்காரம்மா சுவரில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ, "இருந்தாலும் முதல்ல சொன்னது தப்புத்தானே, இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?" என்று முனகியதும் அவள்தான் சட்டென்று திரும்பினாள்.

"யாருய்யா அது? முன்னால வந்து பேசு. தப்பு வந்ததும் அவளாத்தான் போன் போட்டுச் சொன்னா. இப்ப தன் வீட்டு ராட்டினத்துல தானே சிவப்பைக் கட்டிட்டு நிக்கிறா. இதுக்கு மேல அவ என்ன செய்யணும்? இனிமே அவ எழுதினா எழுதினதுதான்!"

மேற்பார்வையாளர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அது ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டதால், தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த தெருவின் பட்டியலை மகளிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை அங்க ஆரம்பிச்சுடுங்க. அந்தக் கறுப்புப் பெட்டி மாதிரி இன்னும் பத்து வேணும்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"கறுப்புதானே சார்?" என்றாள் அவள்.

"கறுப்பேதான்!"

ஐஸ்காரம்மா தார்ப்பாய்க்காரரின் மனைவியிடம் வந்து நின்றாள். நாலு நாளாகப் பேசாததற்கு இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை.

"என்னக்கா முழிச்சுட்டு நிக்கிறே? குடத்தை எடுத்துட்டு வா. பதினேழு! தெருவுல மூணாவது நல்ல தண்ணி. உனக்கில்லாததா?"

"ஆறு மாசம் எடுக்கணுமே."

"ஆறு வருஷம் எடு. உன் வீட்டுக்காரரைச் சுமக்கச் சொல்லு. குழி தோண்டின கைதானே."

எனவே அன்று சாயங்காலம் தார்ப்பாய்க்காரர் இரண்டு குடத்தோடு பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் நின்றார். நிறுத்தியிருந்த ஐஸ் மிஷின் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ்காரம்மா தண்ணீர் இறைத்து, குடத்தில் ஊற்றும் முன் ஒரு டம்ளரை நிரப்பி அவர் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்தார், கடைசிச் சொட்டு வரைக்கும். அவள் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியும் மகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

சுவருக்கு மேலே மனைவியின் குரல் உயர்ந்தது.

"கேட்டுக்கோடி! கல்யாணம் ஆன நாள்ல இருந்து சமைச்சுப் போடுறேன். பச்சைத் தண்ணிக்குக் கிடைக்குது பாரு பாராட்டு!"